அவுரியில் ஒரு சிவப்பு

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அண்ணனுடைய மூன்று மாத ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்திருக்கிறது என்று படித்ததும் மனசு லேசானது. ஆனால் அடுத்த வரியிலேயே, நீலச்சாயம் தரும் அவுரிச் செடியின் பொடி ரத்தப் புற்றுநோய்க்குக் கேட்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, மாத்திரையை விட்டுவிட்டு அதற்கு மாறலாமா என்று அவர் கேட்பதாக எழுதியிருக்கிறாய். அதனால்தான் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் கேள்விப்பட்டது வெறும் வதந்தி இல்லை. சீன வைத்தியத்தில் 11 சரக்குகள் சேர்த்து உருட்டும் மருந்து ஒன்று உண்டு, 'டாங்குய் லோங்ஹுய் வான்' என்று பெயர். அண்ணனுக்கு இருக்கும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அதைக் கொடுத்து வந்தார்கள். எந்தச் சரக்கு வேலை செய்கிறது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, அவுரி மாதிரியான சாய இலைகளிலிருந்து எடுக்கும் நீலப்பொடியில் வந்து நின்றது. அதிலும் நீலம் காரணமில்லை. கூடவே கொஞ்சமாக இருக்கும் சிவப்பு. அதுதான் இண்டிருபின்.

போன மாதம் திண்டிவனம் பக்கத்து அவுரி நீலக்கட்டி ஒன்றைச் சுரண்டிக் கரைத்து, கலவையைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டில் ஒரு பொட்டு வைத்தேன். கரைப்பான் மேலே ஏற ஏற, ஒரே பொட்டு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நல்ல நீலம், மற்றது நாவல்பழச் சாறு பட்ட துணி மாதிரி ஒரு செவ்வூதா. இத்தனை வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தும், அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அந்தச் சிவப்பு என்ன செய்கிறது என்பதை 1999-இல் லோரான் மெய்ஜே, ஐசன்பிராண்ட் என்ற ஆய்வாளர்கள் சேர்ந்த குழு காட்டியது. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் சில நொதிகள், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைப் பிடித்தாக வேண்டும். நொதியில் ஏடிபி உட்காரும் குழிக்குள் இண்டிருபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. அண்ணன் சாப்பிடும் இமாட்டினிப் மாத்திரையும் அதே உத்திதான். ஆனால் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் பிறந்த பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம்தான் அதன் முக்கியக் குறி. நோயின் வேரே அந்தப் புரதம்தான். இண்டிருபின் அப்படி இல்லை, பல நொதிகளின் குழியிலும் நுழையும்.

இன்னொன்று, இண்டிருபின் தண்ணீரில் கரையவே கரையாது. குடலில் சரியாக ஏறாது. வயிற்றுவலியும் பேதியும் வரும். அதனால்தான் சீனர்கள் அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி மெய்சோஇண்டிகோ என்ற மருந்தைச் செய்தார்கள். ஆய்வகத்தில் கே562 என்ற ரத்தப் புற்றுநோய்ச் செல்கள்மேல் ஒரு பொருளை ஊற்றி, செல்கள் செத்தன என்று எழுதுகிறார்களே, அது முதல் படி மட்டும்தான். அந்தச் செல்கள் 53 வயதுப் பெண் ஒருவரிடமிருந்து எடுத்தவை. 1970-களிலிருந்து உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. தட்டில் வளரும் செல்லுக்குக் குடலும் கிடையாது, கல்லீரலும் கிடையாது.

நாட்டுமருந்துக் கடைப் பொடியோ வெறும் காய்ந்த இலை. அதில் சாயம் பெரும்பாலும் இண்டிகன் என்ற நிறமில்லாத மூலப்பொருளாகத்தான் இருக்கும். இலையை ஊறவைத்துக் கலக்கிக் காற்றுப் பட்ட பிறகுதான் நீலமும் சிவப்பும் உண்டாகும். சீன நீலப்பொடியும் சாது இல்லை. பெருங்குடல் புண்ணுக்கு அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறியதால், 2016-இல் ஜப்பான் அரசு எச்சரிக்கை விட்டது.

மாத்திரையை ஒரு நாள்கூட அண்ணன் விடக்கூடாது, செல்வம். வேறு எதையாவது சேர்த்துச் சாப்பிட ஆசைப்பட்டால் முதலில் டாக்டரிடம் சொல்லட்டும். சில மூலிகைகள் இமாட்டினிப்பைக் கல்லீரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தகட்டைப் பத்திரமாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், அண்ணனிடம் காட்டவேண்டும். அண்ணியிடம் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவை.

அன்புடன்,
ராஜேந்திரன்