வடசென்னைப் பேச்சுப் பயிற்சியாளர்களின் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்த ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நாள் முழுவதும் பேச்சு வரச் சிரமப்படும் குழந்தைகளோடு இருந்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் கூட்டங்களில் அதிக நேரம் பேசப்பட்டது வீடியோ வழிப் பயிற்சியைப் பற்றித்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேறு வழியின்றிக் கைபேசியை எடுத்தோம். தற்காலிகம் என்றுதான் நினைத்தோம். இன்று எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்கள், வாரத்தில் ஒரு நாளாவது வீட்டிலிருந்தே செய்யலாமா என்று அவர்களாகவே கேட்கிறார்கள். ஆகவே இதை முறையாகக் கற்க வேண்டிய கடமை நமக்கு வந்துவிட்டது.

முதல் சிக்கல், நாம் நம் காதை நம்ப முடியாதது. சாதாரணத் தொலைபேசி அழைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். 'ஸ்' ஒலியின் வலு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. வீடியோ அழைப்பு இதைவிட நன்றாகக் கேட்கும். ஆனால் இரைச்சலை நீக்கும் வசதி, குழந்தையின் மெல்லிய 'ஸ்', 'ஷ்' ஒலிகளையும் சேர்த்து விழுங்கிவிடக்கூடும். ஒரு சிறுவனுக்கு 'ஸ்' வரவே இல்லை என்று நம் உறுப்பினர் ஒருவர் குறித்து வைத்திருந்தார். நேரில் வந்தவன் 'பஸ்' என்று தெளிவாகச் சொன்னான். அன்றிலிருந்து, தாய் தனியே பதிவு செய்து அனுப்பும் ஒலிக்கோப்பைக் கேட்காமல் உச்சரிப்பை மதிப்பிடுவதில்லை என்று முடிவு செய்தோம். 'ப', 'ம' உதட்டில் தெரியும். ழகரத்துக்கு நாக்கு வளைவது திரையில் தெரியாது. அதற்கு நேரில்தான் வரச் சொல்கிறோம்.

அடுத்தது நம் கை. பொம்மையை நாம் நீட்ட முடியாது, குழந்தையை மடியில் இருத்த முடியாது. எல்லாவற்றையும் வீட்டிலிருப்பவர்தான் செய்ய வேண்டும். காசிமேட்டில் ஒரு தாய் விடியுமுன்னே மீன் எடுக்கத் துறைமுகம் போய்விடுவதால், பயிற்சியில் பாட்டிதான் உட்காருகிறார். "இது என்ன, இது என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்த அவரிடம், "முறுக்கு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள் அம்மா" என்றார் நம் உறுப்பினர். பாட்டி எண்ணினார். "தா" என்றது குழந்தை. "நேரில் என்றால் அதற்குள் நானே அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன்" என்று அந்த உறுப்பினர் கூட்டத்தில் சொன்னபோது, நாங்கள் பலரும் எங்களையே பார்த்துக்கொண்டோம்.

"நீங்கள் பேசவே இல்லையே, கட்டணம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதும் பயிற்சிதான் என்பதை முதல் நாளே விளக்கிவிட வேண்டும்.

விழுங்குவதில் சிரமமுள்ள குழந்தைகளுக்கு உணவூட்டும் பயிற்சியைத் திரை வழியாகச் செய்வதில்லை என்பதில் இரண்டு கருத்து இல்லை. புரையேறினால் கை கொடுக்க நாம் அங்கே இருக்க மாட்டோம்.

18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை என்கிறது 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பதிவுகளுக்கான சம்மதப் படிவத்தை எளிய தமிழில் எழுதி முடித்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும்.

பல வீடுகளில் ஒரே கைபேசிதான்; அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. வரும் ஆண்டில் இரவல் கொடுக்கச் சில கைபேசிகளும் தாங்கிகளும் சேர்க்க விரும்புகிறோம். பழைய கைபேசி தரக்கூடியவர்கள் இன்று கிளம்புமுன் பொருளாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

செயலாளர்