ஃபில்டர் வைக்கும் அன்றே எடுக்கும் நாளையும் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்காமல் தடுக்க, வயிற்றிலுள்ள பெருஞ்சிரையில் ஃபில்டர் வைக்கிறார்கள். வைப்பது சிறிய வேலைதான். வைத்ததை எல்லோருமாக மறந்துவிடுவதில்தான் வினை தொடங்குகிறது.

துணி கிழிந்துபோய்க் கம்பிகள் மட்டும் மிஞ்சிய சின்னஞ்சிறு குடை என்று அதை நினைத்துக்கொள்ளலாம். தொடை அல்லது கழுத்துச் சிரை வழியே மெல்லிய குழாயில் மடித்துக் கொண்டுபோய், பெரும்பாலும் சிறுநீரகச் சிரைகள் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே விரித்துவிடுவார்கள். மேலேறி வரும் கட்டி கம்பிகளில் சிக்கிக்கொள்ளும். ஆனால் ஃபில்டர் கட்டியைக் கரைக்காது. காலில் புதிதாக உறைவதையும் நிறுத்தாது. மூளையில் ரத்தக்கசிவு, குடலில் ரத்தப்போக்கு, தள்ளிப்போட முடியாத அறுவை சிகிச்சை என்று, உறைவைத் தடுக்கும் மருந்தைக் கொடுக்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கே அது முதன்மையாக வேண்டும். ‘ஃபில்டர்தான் இருக்கிறதே’ என்று மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரான்சில் 400 நோயாளிகளிடம் நடத்தி 1998-இல் வெளியான ஆய்வு இதன் இரண்டு முகங்களையும் காட்டியது. எல்லோருக்கும் மருந்து உண்டு. பாதிப் பேருக்குக் கூடவே நிரந்தர ஃபில்டர். முதல் 12 நாட்களில், கட்டி போய் நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும் நுரையீரல் அடைப்பு, ஃபில்டர் உள்ளவர்களில் 1.1 சதவீதம், இல்லாதவர்களில் 4.8. இரண்டு ஆண்டு கழிந்தபோது காலில் மறுபடி உறைந்தது முறையே 20.8, 11.6 சதவீதம். இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

சிரையின் சுவர் தமனியைப் போலத் தடித்ததல்ல. ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி விரியும். அதற்குள் ஃபில்டரின் கால்கள் நழுவாமலிருக்கக் கொக்கி போட்டு, இரவும் பகலும் வெளிப்புறமாக அழுத்திக்கொண்டே இருக்கின்றன. நாளாக ஆகக் கால்நுனி சுவரைத் துளைத்து வெளியே நீட்டலாம். பக்கத்திலிருக்கும் முன்சிறுகுடலையோ பெருந்தமனியையோ முதுகெலும்பையோ தொடலாம். பலருக்கு வலியே இராது, வேறு எதற்கோ எடுத்த சிடி ஸ்கேனில்தான் தெரியவரும். வளைந்து வளைந்து கம்பி ஓய்ந்து முறிந்தால், துண்டு ரத்தத்தோடு இதயத்துக்கோ நுரையீரலுக்கோ போகலாம். சாய்ந்துவிட்ட ஃபில்டரின் தலைக்கொக்கி, அதாவது எடுக்கும்போது பிடிக்க வேண்டிய கொக்கி, சுவரில் ஒட்டி, மேலே சதை மூடிக்கொள்ளலாம். ஃபில்டரே கட்டியால் அடைபட்டால் இரண்டு கால்களும் வீங்கும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-இல் எச்சரிக்கை விடுத்தபோது, 2005 முதல் தனக்கு வந்த 921 புகார்களைக் குறிப்பிட்டது. அவற்றில் 328 ஃபில்டர் இடம்பெயர்ந்தவை. நுரையீரல் அடைப்பு அபாயம் நீங்கியவருக்கு, வைத்த 29 முதல் 54 நாட்களுக்குள் எடுத்துவிடுவதே மேல் என்ற கணக்கை 2014-இல் வெளியிட்டது.

எடுக்கும்போது முதலில் சாயம் செலுத்திப் படம் பார்ப்பார்கள். பெரிய கட்டி சிக்கியிருந்தால் மருந்து கொடுத்துத் தள்ளிப்போடுவார்கள். இல்லையென்றால், பெரும்பாலான வகைகளில், கழுத்து வழியே சுருக்குக் கம்பியை இறக்கித் தலைக்கொக்கியைப் பிடித்து, அதன்மேல் உறைபோன்ற குழாயைத் தள்ளுவார்கள். கால்கள் மடங்கி உள்ளே வந்துவிடும். ஆண்டுகள் ஓடியிருந்தால் இடுக்கியும் லேசரும் தேவைப்படலாம். வேலை கடினம், ஆனால் முடியாததில்லை.

அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று உண்டு. தீவிர சிகிச்சையில் கழுத்தில் குழாய் போடும்போது, குழாய்க்கு வழிகாட்ட முதலில் விடும், வளைந்த நுனியுள்ள கைடு வயர் என்ற கம்பி கூடுதல் ஆழம் இறங்கி ஃபில்டரில் மாட்டிக்கொள்ளலாம். அப்போது வெடுக்கென்று இழுத்தால் ஃபில்டரும் கூடவே வரலாம். இழுக்காமல் நிறுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தே விடுவிக்க வேண்டும்.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் ஃபில்டரின் பெயர், மாடல், வைத்த தேதி, எடுக்கக்கூடியதா நிரந்தரமா, எடுக்கும் பொறுப்பு யாருடையது, மறுபரிசீலனை எந்த நாள் என்பதெல்லாம் இருக்கிறதா என்று குடும்பத்தார் பார்த்து வாங்குங்கள். எம்ஆர்ஐ எடுக்குமுன் மாடலைச் சொல்ல வேண்டும். காகிதங்கள் தொலைந்து, ஃபில்டர் வைத்தார்களா என்பதே சந்தேகமாக இருந்தால், வயிற்றுக்குச் சாதாரண எக்ஸ்ரே ஒன்று போதும்: முதுகெலும்பை ஒட்டி வலப்பக்கம் கம்பிகள் தெரியும்.

இப்படிக்கு,
ரத்தநாளச் சிகிச்சை மருத்துவர்கள் சிலர்