ஐஸ்கிரீம் பெட்டியைக் காலி செய்து கொடுத்த அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அந்த ராத்திரி போனை எடுத்த அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும்,

கல்லூரிக்கு ஆங்கிலத்தில் முறையாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். அதில் எழுத முடியாததை நம் ஆட்களுக்காக இங்கே எழுதுகிறேன். அந்த ராத்திரி குழாய்த் தண்ணீர் ஸ்கோர் புத்தகங்கள் இருந்த அறைக்குள் புகுந்தது; எந்தக் குழாய், யார் கவனிக்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் என்னோடு அந்தத் தண்ணீரில் நின்றவர்கள்தான், அதனால் அந்தக் கதை வேண்டாம். நேற்று சாயங்காலம் உலர்த்தப் போன கடைசிப் பெட்டியும் திரும்பி வந்துவிட்டது. பெண்கள் கூடைப்பந்து டீமின் 43 ஸ்கோர் புத்தகங்களில் 41 பிழைத்துவிட்டன. நான்கு தடவை எண்ணிவிட்டேன், 41தான்.

முதலில் உணவுக்கூடத்து அம்மா. பெயர் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

ஈரமான பழைய தாளைக் காப்பாற்ற வழி கேட்டபோது, போனில் வந்த நூலகப் பெண்மணி இரண்டே விஷயம் சொன்னார்: ஒட்டிய பக்கங்களைப் பிரிக்காதே, இரண்டு நாளைக்குள் உறைய வை, இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். உறைந்துவிட்டால் அப்புறம் நிதானமாக யோசிக்கலாம், வெற்றிடத்தில் வைத்து உலர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள், பனி தண்ணீராகாமலே ஆவியாகிப் போய்விடும் என்றார். சரி, 43 தடிப் புத்தகங்களை எங்கே உறைய வைப்பது? என் வீட்டு ஃப்ரிட்ஜில் மூன்றுகூட நுழையாது. காலை நாலரை மணிக்கு உணவுக்கூடத்தின் பின்கதவில் மட்டும் விளக்கு எரிந்தது. போய்த் தட்டினேன்.

அந்த அம்மா என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. சட்டையெல்லாம் சேறாக, அழுது வீங்கிய முகத்தோடு நின்றவளிடம் அவர் கேட்டது, "எத்தனை?" சொன்னேன். "எத்தனை நாள்?" தெரியாது என்றேன். ஏன், எதற்கு, யார் அனுமதி கொடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே போய் ஐஸ்கிரீம் வைத்திருந்த பெரிய ஃப்ரீசரைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்துவிட்டார். உணவோடு சேர்த்து வைக்கக் கூடாது, அதனால் ஒரு ஃப்ரீசர் முழுசாக உனக்கு என்றார். ஐஸ்கிரீம் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றார். அன்றைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு ஐஸ்கிரீம் எப்படி வந்தது என்று விடுதிப் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது.

அப்புறம் பால் வருகிற பிளாஸ்டிக் கிரேட்டுகள். புத்தகத்தின் முதுகுப்புறம் கீழே இருக்கும்படி அடுக்கச் சொல்லியிருந்தார்கள், அளவெடுத்துச் செய்ததுபோல் அவை பொருந்தின. புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மெழுகுத்தாள் சுருளை அவரே கிழித்துக் கிழித்து நடுவில் வைத்தார். கடைசியில் மூடியின் மேல் மார்க்கரால் எழுதி ஒட்டினார்: "இது சாப்பாடு இல்லை. தொட்டால் எனக்குத் தெரியும்." பத்தொன்பது நாள் யாரும் தொடவில்லை. மேலதிகாரி கேட்டபோது என்ன பதில் சொன்னாரோ, அதையும் என்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவது நாள்தான் கேட்டார், "இதெல்லாம் கம்ப்யூட்டரில் இல்லையா?" என்று.

இல்லை. அதுதான் விஷயமே. இன்றைக்குப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. மட்டும்தான் தெரியும், ஆனால் அது பெண்களுக்கு முதல் சாம்பியன்ஷிப் நடத்தியதே 1982-ல். அதற்கு முன்னால் பத்து வருஷம் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற பெண்கள் சங்கம்தான் நடத்தியது. 1972, 73, 74 மூன்று வருஷமும் ஜெயித்தது இம்மாகுலாட்டா, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்னக் கல்லூரி. அந்தக் காலத்து எண்கள் ரொம்ப நாள் ஒதுக்கியே வைக்கப்பட்டிருந்தன. 2024-ல் அயோவாவுக்கு ஆடிய கெய்ட்லின் கிளார்க் கல்லூரி ஆட்டங்களில் மொத்தம் 3,527 புள்ளிகளைத் தாண்டியதும் சாதனை என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள், நானும்தான். ஆனால் கான்சாஸுக்கு ஆடிய லினெட் வுட்டார்ட் 1981-லேயே 3,649-ல் முடித்திருந்தார். சின்னக் கல்லூரிகளில் ஆடிய பேர்ல் மூர் 4,061! கிளார்க் அந்தப் பருவத்தை முடித்தபோதும் 3,951-தான். வுட்டார்டும் மூரும் போட்ட கூடைகளை யாரோ ஒருத்தி மேசையில் உட்கார்ந்து குறித்து வைத்ததால்தான் இன்றைக்கு நம்மால் வாதாடவாவது முடிகிறது. 1896-ல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஆண்களை உள்ளே விடாமல் ஆடிய ஆட்டத்தில் ஸ்கோர் 2-1 என்று இன்றைக்கும் சொல்கிறோம். எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் கல்லூரி இந்தப் பெரிய பெயர்கள் பக்கத்தில்கூட வராது. எங்கள் பழைய புத்தகங்களில் பாதி ஆட்டம் தோல்விதான். ஆனால் முதல் மூன்று புத்தகங்களில் ஒரு டீமுக்கு ஆறு பேர். இரண்டு பேர் கூடை போட, இரண்டு பேர் தடுக்க, மீதி இரண்டு பேருக்கு மட்டும் மைதானம் முழுக்க ஓட அனுமதி. 1971-ல் விதி ஐந்து பேருக்கு மாறியதும் புத்தகம் மாறவில்லை, யாரோ ஆறாவது வரிசையை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு அதே புத்தகத்திலேயே தொடர்ந்திருக்கிறார்கள். புதுசு வாங்கக் காசில்லை. பின்னட்டையில் வேன் பெட்ரோல் கணக்கு. டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் டீமுக்கு பேட் சம்மிட் 22 வயதில் மாதம் 250 டாலருக்குக் கோச்சாகச் சேர்ந்து, டீம் உடைகளைத் தானே துவைத்து, வேனையும் ஓட்டிப் பின்னால் 1,098 ஆட்டங்கள் ஜெயித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் புத்தகத்தில் வேன் ஓட்டியவரின் பெயர்கூட இல்லை, பெட்ரோல் கணக்கு மட்டும் இருக்கிறது.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். கையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்போ அந்த வேன்காரியைக் கண்டுபிடி" என்றார். அவ்வளவுதான். அவர் இதுவரை ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். பென்சிலால் எழுதிய பழைய புத்தகங்கள் எல்லாம் எழுத்து கலையாமல் வந்துவிட்டன, 1970-களில் ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்கும் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிதல்) போட்ட வட்டங்கள்கூட, எது விழுந்தது எது விழவில்லை என்று தெளிவாகத் தெரிகிறது. அழிந்துபோன இரண்டு புத்தகங்களும் நான் எழுதியவை. ஜெல் பேனா. எதிரணிக்கு ஊதா, நமக்குப் பச்சை என்று அழகு பார்த்து எழுதினேன், இரண்டும் கலந்து வெறும் கறையாகிவிட்டது. நல்லவேளை, அந்த வருஷத்துக் கணக்கு மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

மற்றவர்களுக்கு நன்றி சொன்னால் திட்டுவீர்கள், ஆனாலும் சொல்கிறேன். விசிறியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், பள்ளிக்கூடம் இருந்தும் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வந்த இரண்டு அக்காமார், உலர்த்தும் செலவுக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாத ஆள் (எழுத்து நடையை வைத்து யாரென்று கண்டுபிடித்துவிட்டேன், அண்ணா), ராத்திரி முழுக்க டீ போட்டவர், வயதான முன்னாள் வீராங்கனைகளின் முகவரிகளைத் தேடி எடுத்தவர்கள், அந்த நூலகப் பெண்மணி. விட்டுப்போனவர்கள் என்னைக் கூப்பிட்டுத் திட்டுங்கள்.

இனி என் மேசையில் பென்சில் மட்டும்தான். 41 புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பெயர் பெயராகத் தட்டச்சு செய்யப்போகிறேன், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்குள் 1980 வரையாவது முடிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் கொடுக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய கூட்டெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் ரொம்ப உபகாரம்.

வேன் ஓட்டியவரைப் பற்றி இதுவரை கிடைத்தது ஒன்றுதான், பெட்ரோல் கணக்கின் கீழே இரண்டு எழுத்துக் கையொப்பம். அன்றைய டீமில் ஆடிய மூன்று பேருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் முதலில் பின்கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் உங்களுக்குச் சொல்வேன்.