செல்வத்துக்கு இருப்பது பத்து விநாடி

அன்புள்ள தம்பி,

உன் விண்வெளிக் கதையை இரண்டு முறை படித்தேன். கையுறை கிழிந்து காற்று போகும்போது உன் நாயகன் செல்வத்துக்கு அப்பாவின் வெல்டிங் பட்டறை நினைவுக்கு வருகிறதே, அதுதான் கதையின் உயிர். அதை எடுத்துவிடாதே. ஆனால் இடம் மாற்று.

முதலில் விபத்தைச் சரிசெய். கையுறையில் சின்ன ஓட்டை என்றால் செல்வம் மயங்கமாட்டான். நாசா விண் உடையின் முதுகில் அவசர ஆக்சிஜன் தனியாக உண்டு. ஓட்டை வழியே போவதை அரை மணி நேரம் ஈடுகட்டும். உயிர் போகிற ஆபத்து வேண்டுமென்றால் உடைக்குக் காற்று தரும் குழாயே கழல வேண்டும். 1966-ல் ஹூஸ்டனில், வெற்றிட அறைக்குள் விண் உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்குக்கு அப்படித்தான் ஆனது. சுமார் 14 விநாடியில் விழுந்துவிட்டார். நாக்கில் எச்சில் குமிழியிட்டது மட்டுமே மயங்குமுன் அவர் உணர்ந்ததாக நினைவிருந்தது. காற்றழுத்தம் இல்லாத இடத்தில் உடல் சூடே நீரைக் கொதிக்க வைத்துவிடும். உடனே அறைக்குள் காற்றை விட்டதால் பிழைத்தார்.

ஆகவே உன் இரண்டு பக்க நினைவோட்டத்துக்கு அங்கே நேரமில்லை. செல்வத்துக்குச் சுயநினைவு இருக்கும் பத்துப் பன்னிரண்டு விநாடியில் எச்சில் கொதிப்பதை மட்டும் எழுது. அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். பிடித்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழியும். வாயைத் திறந்து விட்டுவிட வேண்டும். உடல் வெடிக்காது, வீங்கும். தோல் அவ்வளவு உறுதி.

ஆபத்து நீள வேண்டுமென்றால் சோவியத் விண்வெளி வீரர் அலெக்சி லியோனவைப் பார். 1965 மார்ச் 18, உலகின் முதல் விண்நடை, 12 நிமிடம். வெற்றிடத்தில் உடை உப்பி விறைத்தது. விரல்கள் கையுறை நுனியை விட்டு விலகின. விண்கலத்துக்குள் திரும்பி நுழைய, உடையின் அழுத்தத்தைப் பூமியின் காற்றழுத்தத்தில் 0.4 பங்கிலிருந்து 0.27 பங்கு வரை தானே இறக்கினார். கால் முதலில் போக வேண்டிய காற்றடைப்பு அறைக்குள் (வெளியே போய்வர அழுத்தத்தை ஏற்றி இறக்கும் இடைவழி) தலை முதலில் போய், அந்தக் குறுகிய குழாய்க்குள் உடம்பை மடக்கித் திரும்பினார். உடையே எதிரியாகிவிடும் இந்த மாதிரிக் காட்சி உன் கதையில் இன்னும் இல்லை.

இப்போது பட்டறை. வெற்றிடத்தில் மணம் கிடையாது. ஆனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில், வெளியே போன சகாக்களுக்குக் காற்றடைப்பு அறையின் கதவைத் திறந்துவிட்ட நாசா வீரர் டான் பெட்டிட், அவர்களுடைய உடையிலும் கருவிகளிலும் ஒரு வாசனையை உணர்ந்தார். உலோகம் கலந்த, இனிமையான வெல்டிங் புகை. கல்லூரிக் கோடை விடுமுறைகளில் மரம் வெட்டும் நிறுவனத்தின் கனரக எந்திரங்களுக்கு அவர் ஆர்க் வெல்டிங் செய்த நாட்கள் அப்போது அவருக்கு நினைவுக்கு வந்தன.

கதவைத் திறந்தவருக்கு வந்த நினைவு அது என்பதைக் கவனி. உன் கதையில் உள்ளே காத்திருப்பவள் செல்வத்தின் தங்கை. அவளும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவள்தானே? அறையில் அழுத்தம் ஏறட்டும், அழுத்தமானியை அவள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், சமமானதும் கதவைத் திறக்கட்டும். அண்ணன் மயங்கிக் கிடக்க, அந்த உடையிலிருந்து அப்பாவின் வாசனை முதலில் அவளுக்கு வரட்டும்.

திருத்தியதும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்