நேபாளத்தில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோர் கவனத்திற்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். காட்மாண்டுவில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் நம் குழுவினர், அந்நாட்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவும் 2018 முதல் நடைமுறையிலுள்ள தண்டனைச் சட்டமும் பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கின்றன என்பதையும், மீறுவோருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதையும், வெளிநாட்டவர் தண்டனைக்குப் பின் நாடுகடத்தப்படுவர் என்பதையும் மனத்தில் கொள்ளவும். ஆகவே வகுப்பறையில் சுவிசேஷக் கைப்பிரதி எதுவும் வேண்டாம். பாடம் என்று சொல்லிவிட்டுப் பிரசங்கம் செய்வது, சட்டம் ஒருபுறமிருக்க, நேர்மையும் அன்று. பிள்ளைகள் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்பார்கள். நம் ஊரிலும் கேட்டதுதானே, சிரிக்காமல் திருத்தவும். அங்கே பெரும்பாலான சபைகளில் ஆராதனை சனிக்கிழமை. இந்தியரான நமக்கு விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் செல்வதால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையின் அசல் அவசியம், ஆதார் போதாது.