டிஜிட்டல் படங்களின் விலையும் கண்ணுக்குத் தெரியாத ஒப்பந்தங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையக் கடைகளில் நாம் பணம் கொடுத்து வாங்கும் திரைப்படத்தின் விலையையும், அது நம் கணக்கில் எத்தனை காலம் நீடிக்கும் என்பதையும், நம் பார்வைக்கே வராத உரிம ஒப்பந்தங்கள் தீர்மானிக்கின்றன. நுகர்வோர் நலனைச் சார்ந்த இந்த விஷயம் நம் நாட்டில் போதிய அளவு பேசப்படவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

டிவிடி விற்ற காலத்தில், கடைக்காரரிடம் மொத்த விலையைப் பெற்றுக்கொண்டதும் தயாரிப்பு நிறுவனத்தின் பிடி பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, முறையாக வாங்கிய வட்டை அதன் உரிமையாளர் மறுபடி விற்கலாம், வாடகைக்கும் விடலாம். கூட்டத்தை ஈர்ப்பதற்காக, வாங்கிய விலைக்கும் குறைவாகப் புதுப்பட வட்டுகளைப் பெரிய கடைகள் விற்றதும் உண்டு. டிஜிட்டல் கடையில் கைமாறுவது படத்தைப் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே என்பதால், எந்த நாட்டில், எந்த நாளிலிருந்து, எந்தத் தரத்தில், விற்பனைக்கா வாடகைக்கா என்பது ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஆப்பிளின் இணையக் கடையான ஐடியூன்ஸ் 2008 ஜனவரியில் அமெரிக்காவில் வாடகைச் சேவையைத் தொடங்கியபோது, பார்க்கத் தொடங்கிய படத்தை 24 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது.

விலையைத் தயாரிப்பாளர்கள் மட்டுமே ஆட்டிவைக்கிறார்கள் என்று சொல்வதும் சரியாகாது. 2007இல் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வெவ்வேறு விலை வேண்டும் என்று அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி யுனிவர்சல் கேட்டது. ஒரு பகுதி 1.99 டாலர் என்ற ஒரே விலையை மாற்ற ஆப்பிள் மறுத்ததால், அந்நிறுவனத்தின் தொடர்கள் கடையை விட்டே வெளியேறி, 2008 செப்டம்பரில்தான் பல விலை அடுக்குகளோடு திரும்பின. 2017இல் 4கே படங்களை ஹெச்டி விலையிலேயே தருவதாக ஆப்பிள் அறிவித்தபோது டிஸ்னி அதில் சேரவில்லை. அந்த முறை கடையின் பிடிவாதம் வாடிக்கையாளருக்கு நன்மையாக முடிந்ததை மறுப்பதற்கில்லை. ஆனாலும் இரு பெரும் நிறுவனங்களின் பேரத்தில் பணம் கொடுப்பவருக்கு இடமே இல்லை என்ற நிலை மாறிவிடவில்லை.

விலையை விடவும் எனக்குக் கவலை தருவது, ஒப்பந்தம் முடியும்போது நிகழ்வதுதான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சோனியின் பிளேஸ்டேஷன் கடையில் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே வாங்கியிருந்த, ‘ஸ்டூடியோகனால்’ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் படங்கள் 2022 ஆகஸ்டு இறுதியோடு அவர்களுடைய கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. 2023 டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளுக்கும் இதே அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு உரிமம் நீட்டிக்கப்பட்டதால் அவை தப்பின. பெரும் நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் காலாவதியானதற்கு, முழு விலையையும் முன்கூட்டியே செலுத்திய குடும்பம் ஏன் நட்டப்பட வேண்டும்?

கலிபோர்னியா மாநிலம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல், தாம் தருவது உரிமம் மட்டுமே என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாக அறிவிக்காமல், டிஜிட்டல் பொருளை ‘வாங்கலாம்’ என்று அங்கே விளம்பரப்படுத்தக் கூடாது. நிரந்தரமாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள முடிந்தவற்றுக்கு விலக்கு உண்டு. நல்ல தொடக்கம்தான் என்றாலும், பறிபோன படத்துக்குரிய பணத்தை அந்த அறிவிப்பு மீட்டுத் தராது.

இந்தியாவிலும் யூடியூப், ஆப்பிள் டிவி ஆகியவற்றில் படங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏமாற்றும் உத்திகளுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆணையம், விற்கப்படுவது உரிமம் என்பதைப் பணம் செலுத்தும் பக்கத்திலேயே தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தெரிவிக்கவும், உரிமம் விலகும்போது படத்தைப் பதிவிறக்கிக்கொள்ள வழி செய்யவும், அது இயலாவிட்டால் செலுத்திய தொகையை முழுமையாகத் திருப்பித் தரவும் கடைகளைக் கட்டாயப்படுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.