எலிக்குக் கொடுத்த அளவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வல்லாரை, நீர்ப்பிரமி போன்ற மூலிகைகளின் சாறு எலிகளின் ஞாபக சக்தியைக் கூட்டியதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. அத்தகைய செய்தி நறுக்கொன்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு எடுத்துக்கொண்டு, சென்ற மாதம் எங்கள் தோட்டத்து லயங்களுக்கு ஒருவர் பாணி விற்க வந்தார். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தாயொருவர் இரண்டு நாட்சம்பளத்தைக் கொடுத்து ஒரு போத்தல் வாங்கினார். அதில் எந்த இலை, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

விஞ்ஞானம் கற்பிப்பவன் என்ற முறையில், அந்த ஆய்வுகள் நடக்கும் விதத்தைச் சொல்ல விரும்புகிறேன். ரிச்சர்ட் மொரிஸ் 1981 இல் அறிமுகப்படுத்திய முறைப்படி, வட்டத் தொட்டியில் கலங்கிய நீரை நிரப்பி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு மேடையொன்றை மறைத்து வைத்து எலியை நீந்தவிடுகிறார்கள். சுற்றியுள்ள அடையாளங்களைக் கொண்டு அது மேடையை நாளுக்கு நாள் எவ்வளவு விரைவாகச் சென்றடைகிறது என்று நேரம் குறிக்கிறார்கள். பின்னர் மேடையை அகற்றிவிட்டு, அது இருந்த பக்கத்திலேயே எலி சுற்றிச் சுற்றித் தேடுகிறதா என்று பார்க்கிறார்கள். பல சோதனைகளில், ஊமத்தையிலும் காணப்படும் ஸ்கோபொலமைனை ஊசியால் ஏற்றி எலியின் நினைவைக் குழப்பிய பின்பே சாற்றின் பயனை அளக்கிறார்கள். குழம்பிய நினைவு ஓரளவு தெளிந்தது என்ற முடிவை வைத்துக்கொண்டு, நலமாயிருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் மூளை கூர்மையாகும் என்று சொல்வது பெருந்தவறு.

அளவும் முக்கியம். பெரிய எலிக்கு உடல் எடையில் கிலோகிராமுக்கு 200 மில்லிகிராம் கொடுத்திருந்தால், மனிதருக்கு ஈடான அளவை அறிய, உடற்பரப்பை வைத்துக் கணக்கிடும் வழமைப்படி அதை 6.2 ஆல் வகுக்க வேண்டும், சுண்டெலியாயின் 12.3 ஆல். முதற்கணக்கின்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 1.9 கிராம் வரும். அதுவும் பெரும்பாலும் மதுசாரத்தில் ஊறவைத்து வற்றவைத்த சாறு. நாம் சோற்றோடு உண்ணும் வல்லாரைச் சம்பலை அதனோடு ஒப்பிட முடியாது. சம்பல் நல்ல உணவு, தாராளமாக உண்ணலாம்.

ஆகவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது எந்த விலங்கு, எத்தனை, எவ்வளவு அளவு, எத்தனை நாள், எந்த எலிக்குச் சாறு கொடுக்கப்பட்டது என்று தெரிந்தவரே நேரத்தையும் குறித்தாரா, மனிதரிடம் சோதிக்கப்பட்டதா என்பவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 'எலிகளில்' என்ற சொல் தலைப்பிலேயே இடம்பெற வேண்டும். போத்தல் வாங்கிய அந்தத் தாய் தலைப்பை மட்டுமே வாசித்திருந்தார்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.